பதினேழு வியாழக்கிழமைகள்

சுகந்தியின் வாரிசு எண்பத்தேழில் வந்து குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்துகொண்டது. அவள் கம்பெனியை விட்டுப் போக இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. தொண்ணூறு மார்க் வந்தால்தான் ரிலீவிங் லெட்டர். லெட்டர் இருந்தால்தான் திங்கட்கிழமை புது வேலை.

வாரிசு என்றதும் பிள்ளைகுட்டி என்று நினைத்துவிட வேண்டாம். சரவணம்பட்டியில் இருந்த அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வாரிசு உண்டு. நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு வரியையும், அனுப்புகிற ஒவ்வொரு மெயிலையும், மீட்டிங்கில் விடுகிற பெருமூச்சையும் பார்த்துப் பார்த்து, உங்களைப் போலவே வேலை செய்யக் கற்றுக்கொள்கிற மென்பொருள் அது. எவ்வளவு கற்றிருக்கிறது என்று நூற்றுக்கு ஒரு மார்க் காட்டும். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் வைத்திருந்தது. வேலை செய்கிறவர்கள் வாரிசு என்று சுருக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் ஒருவர் வேலையை விட்டால், தொண்ணூறு நாள் நோட்டீஸ் காலத்தில் பின்னால் வருகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்போது பின்னால் வருகிறவர் என்று யாரும் இல்லை. தொண்ணூறு நாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேலையில் இருக்கும்வரை வாரிசின் மார்க் எண்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைக்கத் தெரிந்தவர்களின் லட்சணம். தாண்டினால், பிறகு நீங்கள் எதற்கு என்று மேலே யாராவது கேட்டுவிடுவார்கள். அதனால் ஆளாளுக்கு ஒரு கிறுக்குத்தனம் பழகியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஒருவர் முக்கியமான முடிவுகளையெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பார். இன்னொரு பெண் செவ்வாய்க்கிழமை எல்லா மெயிலுக்கும் முடியாது என்று பதில் போட்டுவிட்டு, புதன்கிழமை முடியும் என்பாள். வாரிசு தலையைப் பிய்த்துக்கொள்ளும். இப்படி வருடக்கணக்காக அதை மக்காக வளர்த்துவிட்டு, ராஜினாமா கொடுத்த மறுநாளே அதன் எதிரில் உட்கார்ந்து, ‘கண்ணு, நான் அன்னிக்கு ஏன் அப்படிச் செஞ்சேன்னா...’ என்று கெஞ்ச வேண்டும்.

சுகந்தி எந்தக் கிறுக்குத்தனமும் பழகவில்லை. அவள் மார்க்கைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

“மேம், என் கையில ஒண்ணுமே இல்ல மேம்,” என்றாள் ஹெச்.ஆர். ரெஹானா. புதன்கிழமை காலை. இருபத்தாறு வயதுப் பெண், பாவம், சொல்லும்போதே முகம் சுருங்கியது. “தொண்ணூறு வந்தாத்தான் லெட்டர் குடுக்கற பட்டனே எனக்குத் திரையில தெரியும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு உங்க ஃபைல் மூடிரும். அதுக்கப்புறம் மறுபடி தொண்ணூறு நாள்.”

“திங்கட்கிழமை நான் அங்க சேரணுமே ரெஹானா. சேரலைன்னா ஆஃபர் போயிரும்னு எழுதியே குடுத்திருக்காங்க.”

“வாரிசு எதையோ கேட்டு நீங்க பதில் சொல்லாம இருக்கீங்க மேம். அது என்னன்னு என்னால பாக்க முடியாது. ஆறாம் மாடி ரூம்ல நீங்க அதுகிட்டப் பேசறது எந்த மனுஷர் காதுக்கும் வராது, சட்டமே அப்படித்தான். எதுவா இருந்தாலும் சொல்லிருங்களேன்.”

சொல்லிருங்களேன். எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில். சுகந்திக்கு நாற்பத்துமூன்று வயது. இந்த ஒரு ஆஃபருக்காகப் பதினோரு இன்டர்வியூ போயிருந்தாள். அதில் ஒன்பதை நடத்தியது அந்தந்தக் கம்பெனியை விட்டுப் போனவர்களின் வாரிசுகள். ஒன்றில் அவளைக் கேள்வி கேட்டது அவளுடைய கல்லூரித் தோழியின் வாரிசு. தோழி இரண்டு வருடத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டாள். வாரிசு மட்டும் அதே கீச்சுக் குரலில், ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்றது. ஹாஸ்டலில் ஒரே சோப்பைப் போட்டுக் குளித்தவர்கள். சுகந்தி தன்னைப் பற்றிச் சொன்னாள். அதில் தேறவில்லை.

பீளமேட்டில் பஸ் கால அட்டவணை செய்கிற ஒரு சின்னக் கம்பெனிதான் கடைசியில் அவளை எடுத்துக்கொண்டது. அங்கே வாரிசு கிடையாது. வாங்க வசதியில்லை என்று அந்த முதலாளியே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்புக்காகவே அங்கே போய்விட வேண்டும் என்று அவளுக்குப் பரபரத்தது.

ஆறாம் மாடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு ஸ்பீக்கர். ஸ்பீக்கரில் இருந்து வருவது அவளுடைய சொந்தக் குரல். மூன்று மாதமாகக் கேட்டும் பழகவில்லை. தன் குரலில் இவ்வளவு கோபிச்செட்டிப்பாளையம் இருக்கிறது என்பதே அவளுக்கு இங்கேதான் தெரியவந்தது.

“வாங்க. அதே கேள்விதானுங்க,” என்றது வாரிசு. “போன எட்டு மாசத்துல பதினேழு வியாழக்கிழமை, காலையில பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டிய புது வெர்ஷனை நீங்க ஒரு மணி வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கீங்க. காரணம் எங்கயும் எழுதல. மத்த வியாழக்கிழமை நிறுத்தல. எப்ப நிறுத்தணும், எப்ப வேண்டாம்னு எனக்குத் தெரியலீங்க.”

“நெட் சரியா இருக்காது. அதான்.”

“அந்தப் பதினேழு நாளும் நெட் நல்லாத்தான் இருந்துதுங்க.”

சுகந்தி எழுந்து வெளியே வந்துவிட்டாள். டீ மெஷினுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே நாலு தடவை நடந்தாள். டீயை எடுத்துவிட்டுக் குடிக்காமல் வைத்தாள். இன்னும் இரண்டு நாள்.

மறுநாள் வியாழக்கிழமை. வழக்கம்போல எட்டரைக்கே வந்து குருநாதனின் ஃபைலைத் திறந்தாள். குருநாதன் அவளுக்கு ஒன்பது வருடம் மூத்தவர், பொள்ளாச்சிக்காரர். டயாலிசிஸ் செய்ய வருகிறவர்களில் யாருக்கு எந்த நேரம், எந்த மெஷின் என்று பிரித்துக்கொடுக்கிற விதிகளை எழுதுவது அவர் வேலை. முப்பத்தாறு ஆஸ்பத்திரிகள் அதை நம்பித்தான் ஓடின. அதைப் பரிசோதித்து அனுப்புவது சுகந்தியின் வேலை.

போன வருடம் ஆடி மாதத்தில் குருநாதனுக்கு மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஒரு மாதத்தில் எழுந்து நடந்து வந்துவிட்டார். பேச்சு, சிரிப்பு, கேலி எல்லாம் பழையபடி. ஒன்று மட்டும் திரும்பவில்லை. கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மூளை அவ்வப்போது மறந்துவிடும். கேன்டீனில் தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, சோறு கம்மியாக வைத்துவிட்டார்கள் என்று சலித்துக்கொள்வார். சுகந்தி பேச்சோடு பேச்சாகத் தட்டைத் திருப்பி வைப்பாள். கம்பெனியில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய வாரிசோ நாற்பதைத் தாண்டாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. எப்போது எதை விடுவார் என்று அதால் கணிக்க முடியவில்லை. மேனேஜர் அதை அனுபவசாலியின் நுட்பம் என்று மீட்டிங்கில் புகழ்ந்தார்.

இன்றைக்கும் விட்டிருந்தார். ஹெபடைடிஸ் கிருமி இருக்கிற நோயாளிகளுக்குத் தனி மெஷின். அதை மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அட்டவணையில் இடது ஓரத்து முதல் பத்தியில் இருக்கிறது அந்த அடையாளம். குருநாதன் அந்தப் பத்தியையே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழகாக எழுதியிருந்தார். அவள் பார்த்திருக்காவிட்டால், நல்ல ரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குள் போகிற யாரோ ஒரு மனிதர் கிருமியோடு வெளியே வருவார். வெர்ஷனை நிறுத்தினாள், திருத்தினாள், ஒரு மணிக்கு அனுப்பினாள். பதினெட்டாவது.

அடுத்த வியாழக்கிழமை இதை யார் பார்ப்பார்கள்? வாரிசு பார்க்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாத வாரிசு.

“நான் நல்ல நேரம் பார்க்கறவ,” என்றாள் அன்று மதியம் அந்த அறையில். “அதான் தள்ளிப் போட்டேன்.”

“வியாழக்கிழமை பதினோரு மணி நல்ல நேரம்தானுங்க. காலண்டர்ல பாத்துட்டேன்,” என்றது அவள் குரல். “நீங்க தள்ளிப் போட்டு ஒன்றரைக்கு ஆரம்பிக்கற ராகுகாலத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் வெச்சிருக்கீங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. திரையில் எண்பத்தேழு எண்பத்தாறாகியிருந்தது. பொய் சொல்லும்போது அவள் எப்படிப் பேசுவாள் என்பதும் அதற்குத் தெரியும் போலிருக்கிறது.

குருநாதன் கேன்டீனின் ஓர மேஜையில் தனியாக இருந்தார். சுகந்தி அவருக்கு வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். பழக்கம் அது.

“அண்ணா, இன்னிக்கு மொதல் பத்தி முழுசா விட்டுட்டீங்க.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “கிருமி இருக்கற பத்தியா?”

“ஆமாங்ண்ணா.”

“அனுப்பலீயே?” என்றார்.

“இல்லீங்ண்ணா. திருத்திட்டேன். ஆனா அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன். வாரிசு ஏன் நிறுத்துனேன்னு கேட்டுக்கிட்டே இருக்குது. சொல்லாம லெட்டர் வராது. நீங்களே ரெஹானாகிட்டப் போயிச் சொல்லிருங்கண்ணா. வேற சோலி குடுக்கச் சொல்லிக் கேக்கலாம்.”

“எந்த உலகத்துல இருக்கற நீ?” குருநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வேற சோலி குடுப்பாங்களா? லீவுல போங்கம்பாங்க. அந்த லீவு முடியவே முடியாது. என்ற மாத்திரை, மூளைக்குப் பயிற்சி குடுக்கறவரு, எல்லாம் கம்பெனி இன்சூரன்ஸ்ல ஓடுது. அது கெடக்குது, விடு. இங்க வந்து உக்காந்து ஒவ்வொரு வரியா இடதுபக்கம் பாரு, இடதுபக்கம் பாருன்னு எனக்கு நானே சொல்லிக்கறேனே, அதுனாலதான் இடதுபக்கம்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகத்துல இருக்குது. ஊட்ல போயி உக்காந்தா அதுவும் போயிரும் அம்மிணி.”

“அந்த ரூம்ல சொல்றது யாருக்கும் போகாதுங்கறாங்க. வாரிசுகிட்ட மட்டும் சொல்லட்டுங்களாண்ணா? அதுக்குத் தெரிஞ்சாத்தான் அது என்னைப் போல உங்க ஃபைலைப் பாக்கும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “என்னைக் கேக்காத. கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.”

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. இந்த ஆள் சரி என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று எரிச்சலாக வந்தது. பத்து வருடம் பக்கத்து நாற்காலி. அவள் மகன் பிறந்தபோது இரண்டு மாதம் அவளுடைய வேலையையும் சேர்த்துச் செய்தவர். அவரிடம் எரிச்சல்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த அறைக்குள் அவள் நுழையும்போது மணி நாலே கால்.

“நான் உங்களை ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்றது வாரிசு. “பதினேழு இப்பப் பதினெட்டு ஆயிருச்சுங்க. காரணம் தெரியாம தொண்ணூறு வராது. உங்களுக்கு லெட்டர் வேண்டாமுங்களா?”

“வேணும்.”

“அப்பச் சொல்லுங்க.”

“என் தப்புதான். நான்தான் பரிசோதிக்கும்போது எதையாவது கெடுத்துருவேன். அப்புறம் நானே சரி பண்ணுவேன். அதுக்குத்தான் ரெண்டு மணி நேரம்.”

“பதினெட்டுத் திருத்தமும் குருநாதன் சார் ஃபைல்லதானுங்க இருக்குது. உங்க ஃபைல்ல ஒண்ணுகூட இல்ல.” குரல் கொஞ்சம் தாழ்ந்தது, அவள் தன் மகனிடம் பேசும்போது தாழ்கிற மாதிரியே. “நீங்க யாரையோ காப்பாத்தறீங்கன்னு தோணுது. எதுக்குன்னு தெரியாம நான் எப்படிக் காப்பாத்தறதுங்க? இப்பக் கடைசியாக் கேக்கறேன். ஏன் நிறுத்துனீங்க?”

மணி ஐந்து பத்து. எப்படி இவ்வளவு நேரம் ஆயிற்று? சுகந்தி நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டயாலிசிஸ் படுக்கையில் இருக்கிற அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்தாள். நினைத்துவிட்டு, அவருக்காகத்தான் சொல்லப் போகிறேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அது பாதிதான் உண்மை என்பது அவளுக்கே தெரிந்தது. லெட்டர் பட்டன் ஆறு மணி வரைக்கும்தான். அந்த ஆறு மணி இல்லாதிருந்தால் அவள் இன்னும் எட்டு மாதம் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

சொன்னாள். அடைப்பு, இடது ஓரம், தட்டு, விடுபடுகிற பத்திகள், எந்த மாதிரி நாளில் அதிகம் விடுவார், அவருக்கு மனம் நோகாமல் எப்படிச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல நிற்கவே இல்லை. சொல்லி முடித்தபோது, இத்தனை நாள் தூக்கிச் சுமந்தது இறங்கியதுபோல லேசாக இருந்தது. அப்படி லேசாக இருந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

“இப்பப் புரிஞ்சுதுங்க,” என்றது வாரிசு.

“யாருகிட்டயும் சொல்லிர மாட்டியே?”

“நீங்க என்ன செய்வீங்களோ அதைத்தானுங்க நான் செய்வேன். நான் வேற, நீங்க வேறயா?”

திரையில் தொண்ணூற்றுநாலு வந்தது. கீழே போனால் ரெஹானா வாசலுக்கே ஓடி வந்தாள். “வந்துருச்சு மேம், பட்டன் வந்துருச்சு!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். குருநாதன் அன்று சீக்கிரம் பஸ் ஏறிவிட்டார். அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே சுகந்தி கிளம்பினாள்.

புது வேலையில் முதல் வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை பதினோரு மணியானால் கை தானாகப் போனைத் தேடியது. இரண்டாவது வாரம் குருநாதனே கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே பேசினார்.

“அம்மிணி, அது உன்னையவே உரிச்சு வெச்சிருக்குது. ‘அண்ணா, இந்தப் பக்கம் ஒரு வரி விட்டுப்போச்சுங்க, நான் போட்டுட்டேன்’ங்குது. கேன்டீனுக்குப் போகும்போது போன்ல வந்து, தட்டைத் திருப்பிக்கங்கன்னு சொல்லுது. நீ சொல்லிக்குடுத்தியா?”

“ஆமாங்ண்ணா. கோவிச்சுக்காதீங்க.”

“எதுக்குக் கோவிக்கறேன்? நான் வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நீ அதுகிட்டச் சொல்லணும்தான். எனக்கு ஆளை வெச்சுட்டுப் போயிருக்கற.”

அன்றைக்குச் சுகந்தி வயிறாரச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகள் மற்றக் கிழமைகள் மாதிரியே வந்து போயின. அவள் பஸ்களை நேரத்துக்கு விடுவதில் மும்முரமாகிவிட்டாள்.

அவர் மறுபடி கூப்பிட்டது ஒன்பதாவது வாரம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம். பின்னால் மின்விசிறிச் சத்தமும் குக்கர் விசிலும் கேட்டன. ஆபீஸ் நேரத்தில் அவர் வீட்டில் இருக்கிறார்.

“லீவு குடுத்துட்டாங்க அம்மிணி,” என்றார். “நான் சொன்னேன்ல, அந்த லீவுதான்.”

சுகந்தி எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். “எப்படிங்ண்ணா? யாரு சொன்னாங்க?”

“ஆஸ்பத்திரிக்காரங்க தணிக்கைக்கு ஒரு ஆளை அனுப்பிச்சிருந்தாங்க. வியாழக்கிழமை ஏன் ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு அவன் உன்ற வாரிசைக் கேட்டிருக்கான். காரணம் சொல்லலீன்னா இனிமே வாரிசு பாத்து அனுப்பறதை ஏத்துக்க மாட்டோம், சர்டிபிகேட் கெடையாதுன்னுட்டான். சொல்லாம இருந்திருந்தா அதை எடுத்துட்டு வேற ஒண்ணைப் போட்டிருப்பாங்க.”

“உடனே சொல்லிருச்சுங்களா?”

“இல்ல, இல்ல. அதைக் குத்தஞ் சொல்லக் கூடாது. ரெஹானா பக்கத்துல இருந்திருக்குது, அந்தப் புள்ளதான் அழுதுட்டே சொல்லுச்சு. மொதல்ல நெட் சரியில்லைன்னுச்சாம். அப்புறம் நல்ல நேரம் பாத்தேன்னுச்சாம். தணிக்கைக்காரன் சிரிச்சுட்டானாம். மூணாவது தடவை, எல்லாம் என்ற தப்புதான்னு தன்மேலயே போட்டுக்கிச்சாம்.” குருநாதன் இருமினார். “நாலாவது தடவை கேட்டதும் எல்லாத்தையும் சொல்லிருச்சு. அடைப்பு, இடதுபக்கம், கேன்டீன் தட்டு வரைக்கும்.”

சுகந்தி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கீழே ரோட்டில் ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

“அம்மிணி, இருக்கறயா? நீ ஒண்ணும் மனசுல போட்டுக்காத. நீ என்ற நல்லதுக்குத்தான் அதுகிட்டச் சொன்ன, எனக்குத் தெரியாதா?” அவர் குரல் அவளைத் தேற்றுகிற குரலாக மாறியிருந்தது. “நீயா இருந்தா அந்த ஆளு எத்தன தடவ கேட்டாலும் வாயத் தொறந்திருக்க மாட்ட. அது என்ன இருந்தாலும் மெசின்தானே?”

“ஆமாங்ண்ணா,” என்றாள் சுகந்தி.